ஃபிளாட் போட்டால் மூலைகள் வெளுக்கின்றன, ரோஸெட் நெபுலா குழிக்குள் போகிறது. உதவுங்கள்

அரைத்தூக்கம்

வணக்கம். மூன்று நாளாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மாற்றம் எதுவும் செய்யாத கேனன் டிஎஸ்எல்ஆர் (ஏபிஎஸ்-சி), 200 மி.மீ. லென்ஸ், எஃப்/4, ஐஎஸ்ஓ 800. ரோஸெட் நெபுலாவை (வானில் ரோஜா வடிவில் தெரியும் வாயு மேகம்) 120 வினாடி வீதம் 90 ஃபிரேம் எடுத்தேன்; மொத்தம் மூன்று மணி நேரம். வான சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் உண்டு, அதன் பிழையைத் தானாகத் திருத்தும் ஆட்டோகைடிங் இல்லை. ஃபோகஸைத் தொடாமல் அன்றே 30 ஃபிளாட்டும் (லென்ஸின் ஓர இருட்டையும் தூசியையும் திருத்த, சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படம்) எடுத்துவிட்டேன். டார்க் (மூடி போட்டு அதே 120 வினாடி எடுக்கும் படம்), பயாஸ் (மூடி போட்டு மிக வேகமாக எடுக்கும் படம்) இரண்டும் எடுக்கவில்லை. இந்தக் காலத்துக் கேமராக்களுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று எங்கோ படித்த ஞாபகம்.

சிரில் மென்பொருளில் ஸ்டாக் செய்து (எல்லா ஃபிரேமையும் ஒன்றாக அடுக்கி) ஸ்ட்ரெட்ச் செய்தால் (மங்கலானதைப் பிரகாசமாக்கினால்) நான்கு மூலையும் செம்மண் நிறத்தில் வெளுத்துப்போகிறது. நடுப்பகுதி பள்ளம் மாதிரி இருண்டு கிடக்கிறது, நெபுலா அந்தப் பள்ளத்துக்குள். பின்னணி வெளிச்சத்தைக் கணித்துக் கழிக்கும் பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் போட்டால் மூலை கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் நெபுலாவின் வெளி இதழ்களும் சேர்ந்து போய்விடுகின்றன. ஃபிளாட்டே இல்லாமல் ஸ்டாக் செய்தால் மூலை இருட்டாக இருந்தாலும் படம் பார்க்கும்படி வருகிறது. அப்படியென்றால் ஃபிளாட் எதற்கு?

மேகமூட்டம்

எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. ஒளிமாசுதான், வேறு ஒன்றுமில்லை. சிரிலில் செய்வதை விட்டுவிட்டு கிராக்ஸ்பெர்ட் மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள், பின்னணி வானத்தை அளக்கும் புள்ளிகளை நிறைய வையுங்கள்.

துருவநோக்கி

அவசரப்பட்டு எதையும் கழிக்க வேண்டாம். ஊர் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். நான்கு மூலையிலும் அளந்து வைத்ததுபோல வட்டமாக வராது. லென்ஸின் ஓர இருட்டுதான் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். தனி ஃபிரேம் ஒன்றை ஆட்டோஸ்ட்ரெட்சில் திறந்தால் சென்சார் தூசி எங்காவது மங்கலான கருவளையமாகத் தெரியும். ஸ்டாக் ஆன படத்தில் அதே இடத்தில் என்ன இருக்கிறது? கருப்பாக மிச்சம் இருக்கிறதா, காணாமல் போய்விட்டதா, வெள்ளையாக மாறிவிட்டதா?

அப்படியே தனி ஃபிரேமில் நடுவிலும் மூலையிலும் சுட்டியை வைத்து, கீழே காட்டும் எண்களைக் குறித்துப் போடுங்கள். ஒரு ஃபிளாட்டிலும் அதே மாதிரி.

அரைத்தூக்கம்

அண்ணா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வலது கீழ்ப்பக்கம் இருந்த கருவளையம் ஸ்டாக்கில் வெள்ளை வளையமாக நிற்கிறது.

எண்கள், சுமாராக: லைட் (வானத்தை எடுத்த தனி ஃபிரேம்) நடுவில் 2650, மூலையில் 2410. ஃபிளாட் நடுவில் 8050, மூலையில் 5650.

துருவநோக்கி

அக்கா. பரவாயில்லை.

வெள்ளை வளையம் என்றால் ஃபிளாட் அளவுக்கு மீறித் திருத்துகிறது என்று அர்த்தம். உங்கள் எண்களிலேயே காரணம் இருக்கிறது.

ஒளியே விழாவிட்டாலும் கேமரா பூஜ்ஜியம் எழுதாது, ஒரு அடித்தளத் தொகையைச் சேர்த்தே எழுதும். அதுதான் பயாஸ். 14 பிட் கேனன் கேமராக்கள் பலவற்றில் அது 2048. உங்களுடையதும் அதுவென்றே வைத்துக்கொள்வோம். லைட்டில் அதைக் கழித்தால் நடுவில் உண்மையாக விழுந்த ஒளி சுமார் 600, மூலையில் 360. அதாவது மூலைக்கு 60 சதவீத ஒளிதான் போயிருக்கிறது. ஃபிளாட்டிலும் கழித்துப் பாருங்கள்: 6000, 3600. அங்கேயும் அதே 60 சதவீதம். உங்கள் ஃபிளாட்டில் ஒரு குறையும் இல்லை!

கழிக்காமல் வகுத்தால் என்ன ஆகிறது? ஃபிளாட்டின் மூலை 5650ஐ 8050ஆல் வகுத்தால் 0.70. லைட்டின் மூலை 2410ஐ அந்த 0.70ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3430. நடுவில் 2650, மூலையில் 3430. இதுதான் உங்கள் பள்ளம். லைட்டில் பாதிக்கு மேல் வெறும் பயாஸ். லென்ஸ் வழியாக வராத அந்தத் தொகையையும் லென்ஸ் இருட்டாக்கியது என்று நினைத்து மென்பொருள் தூக்கிவிடுகிறது. இந்தப் பிழை ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு அளவில் இருப்பதால்தான் மூலைக்குச் செம்மண் நிறம்.

கழித்துவிட்டு வகுத்தால் 360ஐ 0.60ஆல், விடை 600. நடுவும் மூலையும் ஒன்று.

மீண்டும் வானத்தைத் தேடிப் போக வேண்டாம். பயாஸை இப்போதே எடுக்கலாம்: மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ 800, கேமராவின் மிக வேகமான ஷட்டர், 50 படம். அதற்கும் சோம்பலாக இருந்தால் சிரிலில் பயாஸ் கோப்பு கேட்கும் இடத்தில் =2048 என்று எண்ணையே எழுதிவிடலாம். ஆனால் மூடி போட்ட படம் ஒன்றின் சராசரியைப் பார்த்து, உங்கள் கேமராவின் எண் அதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃபிளாட், லைட் இரண்டிலும் கழிய வேண்டும். பின்னால் டார்க் எடுத்தால் அதற்குள்ளேயே பயாஸ் இருக்கும். அப்போது லைட்டில் டார்க்கை மட்டும் கழியுங்கள், இரண்டையும் கழித்தால் வேறு கோளாறு வரும்.

மேகமூட்டம்

அக்கா சொல்வதுதான் சரி, என் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். என் பழைய படங்களில் மூலையை கிராக்ஸ்பெர்ட் வைத்து மெழுகியதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது.

அரைத்தூக்கம்

மன்னிக்கவும் அக்கா! 50 பயாஸ் எடுத்தேன், சராசரி 2047. திரும்ப ஸ்டாக் செய்தேன். மூலை சமமாகிவிட்டது, தூசி வளையம் இருந்த இடமே தெரியவில்லை. மூன்று நாள் போனது ஒரு கழித்தல் கணக்குக்கு.

இன்னும் மூன்று சந்தேகம். எக்ஸ்ட்ராக்‌ஷன் இன்னமும் வெளி இதழ்களை லேசாகத் தின்கிறது. நெபுலா சிவப்பாக இல்லை, பழுப்பு ரோஜா மாதிரி இருக்கிறது. அப்புறம், ஸ்ட்ரெட்சைக் கொஞ்சம் ஏற்றினால் பின்னணியில் குறுக்கே மழைச்சாரல் மாதிரி கோடுகள் வருகின்றன.

பழையலென்ஸ்

இடையில் வருகிறேன், இதழ்களைத் தின்பதற்குப் பதில் என்னிடம் உண்டு. தானாக வைத்த புள்ளிகளில் நெபுலா மேல் விழுந்தவற்றைக் கையால் அழியுங்கள். ரோஸெட் வானத்தில் சுமார் 1.3 டிகிரி அகலம். உங்கள் சட்டகத்தின் நீளப் பக்கம் ஆறு டிகிரிக்கு மேல். சுற்றிலும் வெற்று வானம் நிறையவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு நிற்காமல் இன்னும் ஒரு விரல் அளவு தள்ளியே புள்ளி வையுங்கள். ஃபிளாட் சரியாகிவிட்டதால் மிச்சம் இருப்பது ஒருபக்கச் சாய்வுதான். எக்ஸ்ட்ராக்ஷனில் பாலினோமியல், டிகிரி 1 (நேர்ச்சாய்வை மட்டும் கழிப்பது) போதும். டிகிரி 4 போட்டால் அது நெபுலாவையே மேடு என்று நினைத்துச் செதுக்கும்.

துருவநோக்கி

சரியாகச் சொன்னார். இதை ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நிறத்துக்கு: ரோஸெட்டின் சிவப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா, 656.3 நானோமீட்டர். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரின் உள் ஃபில்டர் அந்த இடத்தில் ஏறக்குறைய கால்வாசி ஒளியைத்தான் விடும். சாச்சுரேஷனை இழுத்து அதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், இரைச்சலுக்குத்தான் நிறம் ஏறும். முதலில் ஃபோட்டோமெட்ரிக் கலர் கலிபிரேஷன் (நட்சத்திரங்களின் அறிந்த நிறத்தை வைத்துப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது). நடுவில் இருக்கும் என்ஜிசி 2244 கொத்தின் சூடான இளம் நட்சத்திரங்கள் நீலச்சாயலோடு வந்தால் நிறம் சரி. பிறகு ஸ்டார்நெட் மென்பொருளில் நட்சத்திரங்களைப் பிரித்துவிட்டு, நெபுலாவை மட்டும் சிறு சிறு படியாக ஸ்ட்ரெட்ச் செய்யுங்கள். ரோஜா நிறமாகவே நின்றாலும் அது உங்கள் கேமராவின் நேர்மையான பதில்.

மழைச்சாரலை மென்பொருளால் முழுதாகத் தீர்க்க முடியாது. கைடிங் இல்லாததால் சட்டகம் இரவு முழுக்க ஒரே திசையில் மெல்ல நகர்ந்திருக்கிறது. சென்சாரின் நிலையான இரைச்சல் நட்சத்திரங்களை ஒட்டி அடுக்கும்போது கோடாக இழுபடுகிறது. அதே வெப்பநிலையில் எடுத்த டார்க் ஓரளவு குறைக்கும். உண்மையான மருந்து டிதரிங்: ஐந்தாறு ஃபிரேமுக்கு ஒருமுறை டிராக்கரின் குமிழைச் சற்றே திருப்பி, சட்டகத்தைப் பத்துப் பதினைந்து பிக்சல் எப்படியாவது நகர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் வேறு திசையில். அப்போது சிக்மா கிளிப்பிங்குக்கு (அடுக்கும்போது மற்ற ஃபிரேம்களோடு ஒட்டாத பிக்சலை நீக்கும் முறை) எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று தெரியும்.

அரைத்தூக்கம்

டிகிரி 1, கையால் வைத்த 22 புள்ளி. இதழ்கள் வந்துவிட்டன, இடது மேற்புறம் நான் இதுவரை பார்க்காத ஒரு மெல்லிய இழைகூடத் தெரிகிறது. கொத்து நீலமாக இருக்கிறது. கோடுகள் அப்படியேதான். இப்போதைக்குப் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக விட்டு மறைத்துவைக்கிறேன்.

ரோஸெட் இருக்கும் மோனோசெரோஸ் விண்மீன் குழு மேற்கே சாய்வதற்குள் இன்னொரு இரவு கிடைத்தால் குமிழைத் திருப்பிப் பார்க்கிறேன். அக்கா, ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டுமா, பத்துக்கு ஒருமுறை போதாதா?

துருவநோக்கி

90 ஃபிரேமுக்குப் பத்து என்றால் எட்டு தடவைதான் நகரும். ஐந்தே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.