திருச்சியா, பெருங்குடியா, மதுரையா: மகளின் சட்டப் படிப்புக்கு எதைத் தேர்வது?

திண்டுக்கல் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் கடந்த டிசம்பரில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சி நவலூர் குட்டப்பட்டிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறாள். கட்டணத்தில் ஒரு பகுதியும் செலுத்தியாகிவிட்டது. இப்போது பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக வந்திருப்பதால், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சென்னை பெருங்குடியிலுள்ள சீர்மிகு சட்டப்பள்ளியிலோ மதுரை அரசு சட்டக் கல்லூரியிலோ நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் கிடைக்கும் என்கிறார்கள். அவளுடைய ஆசை சிவில் நீதிபதி ஆவது. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் உண்டே தவிர, கறுப்புக் கோட்டு போட்டவர் ஒருவரும் இல்லை. நான் சிறிய இரும்புக்கடை வைத்திருக்கிறேன். திருச்சி என்றால் பல லட்சம் கல்விக் கடன் வாங்க வேண்டியிருக்கும். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மதுரை வழக்கறிஞர்:
ஐயா, நீதிபதி ஆவதுதான் இலக்கு என்றால் கணக்கை ஐந்தாண்டோடு நிறுத்தாமல் எட்டாண்டுக்குப் போடுங்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே படித்து முடித்து, பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து, தொழில் செய்வதற்கான அகில இந்திய பார் தேர்வையும் தாண்டி, யாராவது ஒரு சீனியரிடம் அந்த மூன்றாண்டை அவள் கழித்தாக வேண்டும். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தருகிற சீனியர்களும் இருக்கிறார்கள், பஸ் செலவுக்கு மட்டும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாக இங்கே பார்த்துவருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்னொன்று மொழி. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். ஆனால் கீழ்நிலை சிவில் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டில், வழக்கு மனுவான பிராதிலிருந்து சாட்சியம் வரை பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. வெளியூரில் நல்ல கல்லூரியில் படித்துவிட்டு என்னிடம் ஜூனியராகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, சொத்து விவரத்தை எழுதச் சொன்னேன். "சக்குபந்தி என்றால் என்ன மேடம்?" என்று கேட்டாள். நான்கு எல்லையைத்தான் பத்திரத்தில் அப்படி எழுதுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள், அது பெரிய குறையில்லை. மறுபக்கமும் உண்டு. நான் படித்த அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுத யாரும் கற்றுத்தரவில்லை. 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடத் தொடங்கிய பிறகுதான், திட்டு வாங்கி வாங்கி அதைப் பழகினேன்.

தேசியச் சட்டப் பல்கலையில் படித்தவன்:
வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு கடனைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்துத்தான் கட்டத் தொடங்குவோம். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதாவது உங்கள் மகள் ஜூனியராக இருந்து கைக்காசு பார்க்காத நாட்களில்தான் முதல் தவணை வந்து நிற்கும். நானும் நீதிமன்றம் போகத்தான் சட்டம் படித்தேன். தவணைக்குப் பயந்து நிறுவன வேலைக்குப் போனேன், இன்னும் ஒப்பந்தங்களைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். வருத்தம் இல்லை, ஆனால் அது நான் தேர்ந்த வழி இல்லை.

1987இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி நிறுவப்பட்டதிலிருந்து இந்தக் கல்விமுறை தந்தது நிறைய: மாதிரி நீதிமன்றப் போட்டி, ஆய்வுக் கட்டுரை, விடுமுறைதோறும் பயிற்சி, நாடெங்குமிருந்து வரும் வகுப்புத் தோழர்கள். பெரிய சட்ட நிறுவனமோ நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத் துறையோ இலக்கு என்றால் கடன் வாங்கியாவது சேருங்கள் என்பேன். உதவித்தொகைக்கும் கட்டணச் சலுகைக்கும் வழியுண்டா என்று பல்கலை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பாதிக் கட்டணம் குறைந்தாலே என் பதில் மாறிவிடும்.

சீர்மிகு மாணவி:
நடுவழியான எங்கள் பள்ளியை இருவருமே விட்டுவிட்டீர்கள்! கட்டணம் திருச்சியைவிடக் குறைவு. பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையம், இறங்கினால் உயர் நீதிமன்றம். பயிற்சிக்கு அந்த அருகாமை பெரிய வசதி. ஆனால் சென்னையில் தங்கும் செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள், ஐயா.

திண்டுக்கல் தந்தை:
மூவருக்கும் நன்றி. மதுரையைத் தேர்ந்தால், பிற்பாடு மேற்படிப்புக்கு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கதவு அடைபட்டுவிடுமோ என்று மகள் அஞ்சுகிறாள்.

மதுரை வழக்கறிஞர்:
அடைபடாது. எல்.எல்.எம். படிப்புக்கான கிளாட் தேர்வை எந்தக் கல்லூரியில் எல்.எல்.பி. முடித்தவரும் எழுதலாம். கடன் சுமை இல்லாமல் அந்த மூன்றாண்டு அனுபவத்தைப் பெறுவதுதான் அவளுக்கு இப்போது முக்கியம் என்பதால், நான் மதுரைப் பக்கமே சாய்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்துக்கு மட்டும் அவளே முயன்று பயிற்சி எடுக்க வேண்டும்.

முடிவெடுக்குமுன் அவளை ஒருநாள் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை என்பதால், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குக் காலை பத்தரைக்குள் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வாய்தா வாங்கிக்கொண்டு போகும் கூட்டத்தை மதியம்வரை பார்த்த பிறகும் அவளுக்கு அதே ஆசை இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

திண்டுக்கல் தந்தை:
திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அழைத்துப் போகிறேன், அம்மா. திருச்சி அலுவலகத்தில் சலுகை பற்றி விசாரித்துவிட்டு அதையும் எழுதுகிறேன்.