கர்ணன் சொன்ன சொல்

மகாபாரதக் கதையில் வரும் தீயவர்கள் என்றதும் சகுனி, துச்சாதனன் என்றுதான் பேச்சு போகும். என்னைக் கலங்கடித்தவன் கர்ணன்.

செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. அன்றிரவு துகிலுரிதல் என்பதால் பிற்பகலில் பிரசங்கியார் சூதாட்டச் சபையைப் பாடினார். தமிழில் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தோடு நிற்காமல் வடமொழி மூலமான வியாசர் பக்கமும் போனார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து ‘இது நியாயமில்லை’ என்கிறான்; அவன் துரியோதனனின் சொந்தத் தம்பி. அவனை அடக்கியவன் கர்ணன். ஐவரை மணந்தவள் வேசி, அவளை ஆடையில்லாமல் கொண்டுவந்தாலும் வியப்பில்லை என்கிறான். அவள் ஆடையைக் களை என்று துச்சாதனனை ஏவுவதும் அவன்தான்.

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. என் பக்கத்திலிருந்த பாட்டி, “அவன் தர்மப்பிரபு. அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்” என்று சத்தமாகவே சொன்னார். பிரசங்கியார் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

இரவுக் கூத்தில் அந்தக் காட்சிக்குக் கர்ணன் வேடமே வரவில்லை. துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேடத்தை விழுந்து கும்பிட்டார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன்கூட அப்போது வாய் திறக்கவில்லை. வேடத்துக்காகச் செய்யும் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. ஆனால் ஏவியவன் அரங்கிலேயே இல்லையே! சில நாள் கழித்துக் கர்ணன் மாளும் கர்ண மோட்சக் கூத்து நடந்தபோது ஊரே அழுதது. பாட்டியும் அழுதார், நானும்தான்.

கூத்து முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த கர்ண வேட வாத்தியாரிடம் கேட்டேன். “ஐயா, சபையில் கர்ணன் பேசியதை ஏன் ஆடுவதில்லை?”

“அதை ஆடினால் மோட்சத்துக்கு யார் அழுவார்கள் தம்பி?” என்றார். பிறகு, “அவனும் சபையில் பட்டவன்தானே” என்று சேர்த்துக்கொண்டார்.

வாத்தியார் போகிற போக்கில் சொன்ன அந்தச் சொல்தான் எனக்கு விடை. இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கில் ஆசிரியர் கிருபர் குலம் கேட்டபோது தலைகுனிந்து நின்றவன் கர்ணன். சாட்டையைப் பிடி, அதுதான் உனக்குப் பொருத்தம் என்று பீமன் ஏளனம் செய்ததும் அங்கேதான். நிறைந்த சபையில் கூனிக் குறுகுவது எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கதையில் யாருமில்லை. வலி அறிந்தவன் அடுத்தவருக்கு அதைச் செய்யமாட்டான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வியாசருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் கர்ணன் அடிக்கிறான். துச்சாதனன் வெறும் கை, யோசிக்கத் தெரியாதவன். (பீஷ்மரோ தர்மம் நுட்பமானது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். அந்தக் கோபம் தனி.)

போருக்கு முன் கண்ணனிடம் கர்ணன் மனம் திறக்கிறான். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்காக வருந்துவதாகச் சொல்கிறான். திரௌபதியிடம் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.