வாவிக்கரைக் குடும்பம்: டெக்குக்கு எண்ணெய் பூசுற பாட்

*சின்னக்கா, காலை 6.08*
வாவிப் பக்க டெக்குக்கு, அந்தப் பலகைத் தளத்துக்கு, இந்தக் கிழமை எண்ணெய் பூசணும். 20 அடிக்கு 12 அடி. தேக்கு, 5½ அங்குலப் பலகை 25, நடுவில 5 மில்லிமீற்றர் இடைவெளி. படி மூண்டும் முதிரை மரம். பிறஷ்ஷா, றோலரா, இல்லாட்டி நீளத் தடியில பூட்டுற பாட்டா நல்லம்? உங்களிட்டக் கேட்டுட்டுத்தான் கடைக்கு ஆள் அனுப்பப் போறன்.

*பாசிக்குடா அண்ணன், காலை 6.15*
பாட் தான், யோசிக்கவே வேணாம். ஆனா பாட் எண்டு கேட்டா சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற சதுரப் பாட்டையும் தூக்கித் தருவாங்க. உனக்கு வேண்டியது நீளப் பாட். மேல பிளாஸ்ரிக் தட்டு, கீழ ஸ்பொஞ்சு, அதுக்குக் கீழ வெல்வெற் மாதிரி கட்டையான மயிர். எண்ணெயைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஸ்பொஞ்சு, மெல்லிசாப் படிய வைக்கிறது மயிர். வெறும் ஸ்பொஞ்சா இருந்தா வேணாம், பலகையில ரெண்டு இழுவையிலயே பிஞ்சிரும்.

*பாசிக்குடா அண்ணன், காலை 6.17*
அகலம் 6 அல்லது 7 அங்குலம். உன்ர பலகை 5½. பாட் 9 அங்குலமா இருந்தா பக்கத்துப் பலகையிலயும் பாதி ஏறும். அந்தப் பாதி காஞ்ச பிறகு மறுகா அதுக்கு மேல பூசுவா, அந்த இடம் இருட்டாக் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டை எடுக்கவே ஏலாது.

*கல்முனை மச்சான், காலை 6.24*
மச்சாள், தடியைத் தனியா வாங்கிராதீங்க. மரை போட்ட தடியும் இரிக்கு, சும்மா குத்தி இறுக்குற கூம்புத் தடியும் இரிக்கு. அமெரிக்க அளவு மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 5 சுத்து. வேற மரைத் தடி அதுக்குள்ள போகாது. பாட்டைக் கையில கொண்டு போய்க் கடையிலயே பூட்டி, நிலத்தில நாலு தரம் இழுத்துப் பாத்து வாங்குங்க. தலை ஆடினா அமத்தம் ஒரு பக்கம் கூடும், பூச்சு வரிவரியா வரும்.

*ஓடாவி மாமா, காலை 6.31*
பூசுறது கடைசி வேலை. பலகை எப்பிடி இருக்கு எண்டு சொல்லு மகள். நரைச்சிட்டா?

*சின்னக்கா, காலை 6.33*
ஓம் மாமா, சாம்பல் நிறம். கைப்பிடிப் பக்கம் ஆணியைச் சுத்திக் கறுப்பு வட்டம். நிழல் விழுற மூலையில பாசி.

*ஓடாவி மாமா, காலை 6.41*
பாசியை முதல் தும்புத்தடியும் சவர்க்காரத் தண்ணியும் போட்டுத் தேச்சுக் கழுவு. குளோரின் ஊத்தாத, மரத்தின்ர நாரைக் கொல்லும், ஆணியையும் தின்னும். கறுப்பு வட்டம் இரும்பும் மரத்தின்ர துவர்ப்பும் சேந்து வாறது. அதுக்கு ஒக்ஸாலிக் அசிட் தூள். ஒரு லீற்றர் தண்ணிக்கு 30 தொடக்கம் 50 கிராம், பிளாஸ்ரிக் வாளியில கரை, இரும்பு வாளி ஆகாது. ஈரப் பலகையில பூசி 10, 15 நிமிசம் விட்டுத் தேச்சு, நிறையத் தண்ணி விட்டு ரெண்டு தரம் அலசு. நரையும் அதோட போயிரும். கையுறை போடு, கண்ணை முழுக்க மறைக்கிற கண்ணாடி போடு. அது நஞ்சு. பிள்ளையளும் கோழியும் கிட்ட வரக் கூடாது.

*ஓடாவி மாமா, காலை 6.43*
அந்த இரும்பாணியைக் கழட்டிட்டுத் துருப்பிடிக்காத ஸ்குரூ போடு, 316 எண்டு கேள். ஆணியை அப்பிடியே விட்டா எத்தினை தரம் அசிட் போட்டாலும் கறுப்பு திரும்ப வரும்.

*கல்முனை மச்சான், காலை 6.46*
பொத்துவில், அறுகம்குடாப் பக்கம் கடலைப் பாத்திருக்கிற டெக்குக்கு இன்னொண்டும் இரிக்கு. உப்பு. நல்ல தண்ணியால அலசாமப் பூசினா எண்ணெய் உப்புக்கு மேலதான் உக்காரும். பலகையை ஒருக்கா நாக்கில தொட்டுப் பாத்தாலே தெரியும். அசிட் போட முதல் பாக்கணும், போட்ட பிறகு நாக்கு வச்சிராதீங்க.

*பாசிக்குடா அண்ணன், காலை 6.52*
கழுவின பிறகு ரெண்டு, மூண்டு நாள் காயட்டும். மறுகா 60 இல்லாட்டி 80 நம்பர் சாண்ட் பேப்பர், நார் ஓடுற பக்கமா. 120க்கு மேல போகாத. வழுவழுப்பாக்கினா மரத்தின்ர துளை மூடிரும், எண்ணெய் உள்ள இறங்காது. ஸ்குரூத் தலை மேல நிண்டா உள்ள இறக்கு, பாட்டின்ர மயிரைக் கொழுவிக் கிழிக்கிறது அதுதான். தூசியைக் கூட்டிட்டுத் தேர்பன்டைன் நனைச்ச துணியால ஒரு துடை. தேக்கில அதின்ர எண்ணெயே மேல நிக்கும், அதை எடுக்காட்டி பூசுறது பிடிக்காது.

*சின்னக்கா, காலை 6.55*
காஞ்சுதா எண்டு எப்பிடிப் பாக்கிற?

*ஓடாவி மாமா, காலை 6.58*
மூண்டு, நாலு இடத்தில தண்ணித் துளி விடு. வெயில் படுற இடம், நிழல் மூலை, சுவர் ஓரம். ரெண்டு, மூண்டு நிமிசத்தில உறிஞ்சினாப் பூசலாம். துளி முத்து மாதிரி நிண்டா பழைய பூச்சு இருக்கு, இல்லாட்டி தேய்ப்புக் காணாது. ஈரமானி இருந்தா 15 வீதத்துக்குக் கீழ காட்டணும். வாவிப் பக்கம் கீழ இருந்து ஈரம் ஏறும். மேலால தொட்டுப் பாத்து நம்பிராத.

*கல்முனை மச்சான், காலை 7.02*
எண்ணெய் எவ்வளவு எடுக்கப் போறீங்க? ரெண்டு 4 லீற்றர் டின் எடுத்தாக் கட்டாயம் மிஞ்சும்.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.09*
கணக்கு இது. 20 அடி நீளம், 5½ அங்குல அகலம், ஒரு பலகை 9 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. தேச்ச பழைய தேக்குக்கு முதல் பூச்சு லீற்றருக்கு 70 சதுர அடி போகும். அப்ப ஒரு பலகைக்கு 130 மில்லி. 25 பலகைக்கு 3¼ லீற்றர். ரெண்டாவது பூச்சு பலகைக்கு 80, 90 மில்லிதான் குடிக்கும், 2 லீற்றர் சொச்சம். படி, பலகை முனை எல்லாம் சேத்து 6 லீற்றர். ஒரு 4, ரெண்டு 1.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.11*
மூண்டு டின்னையும் திறந்து ஒரே வாளியில ஊத்திக் கலந்திரு. டின்னுக்கு டின் நிறம் துளி மாறும். பாதி டெக்கில வந்து மாறினாக் கண்ணுக்குக் குத்தும். நிறத்தூள் அடியில படியும், அதனால 10 நிமிசத்துக்கு ஒருக்கா தட்டைக் கம்பால அடியைச் சுரண்டிக் கலக்கு. கலக்காட்டி முதல் பலகை வெளிறிப்போகும், கடைசிப் பலகை கோப்பித் தண்ணியாகும்.

*கல்முனை மச்சான், காலை 7.14*
நிறமில்லாத எண்ணெய் விலை குறைவு எண்டு எடுத்திராதீங்க மச்சாள். தண்ணியைத்தான் மறிக்கும். வெயிலை மறிக்கிறது நிறத்தூள். எங்கட வெயிலுக்கு நிறமில்லாதது பூசினா பலகை திரும்ப நரைக்கும். வார்னிஷ் வேணவே வேணாம். நடக்கிற தளத்தில தோலா உரியும், உரிஞ்ச பிறகு முழுக்கச் சுரண்டித்தான் எடுக்கணும்.

*சின்னக்கா, காலை 7.20*
சரி, இனிப் பாட் பிடிக்கிற விதம் சொல்லுங்க. பெடியனுக்கும் காட்டணும்.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.34*
புதுப் பாட்டில சும்மா நிக்கிற மயிர் இருக்கும். ஒட்டு நாடாவை மயிரில ஒட்டி ஒட்டி எடு, ரெண்டு மூண்டு தரம். செய்யாட்டி அதெல்லாம் பலகையில ஒட்டிக் காயும்.

பிறகு எண்ணெய் ஊத்துற தட்டில 250 மில்லி ஊத்து. அளந்து ஊத்து, கண்மதிப்பு வேணாம். அது ரெண்டு பலகைக்கு. ரெண்டு பலகை முடிய முதல் தட்டு காலியானா நீ கூடப் போடுறா. மிஞ்சிக் கிடந்தாப் பலகை குடிக்குதில்ல, தேய்ப்பைப் பார்.

பாட்டை மயிர் மட்டும் நனையுற ஆழத்துக்கு வை. ஸ்பொஞ்சு முங்கினா ஓரத்தால வழியும். தட்டின்ர மேட்டில ஒருக்கா அமத்தி இழுத்துட்டுப் பலகைக்குக் கொண்டு போ.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.38*
வைக்கிற இடம் முக்கியம். பலகை முனையில இருந்து ஒரு அடி உள்ள தள்ளி வை. அங்க இருந்து முனைக்கு இழு, மறுகா திரும்பி முன்னுக்குத் தள்ளு. முனையிலயே வச்சா முதல் குட்டை அங்க தேங்கி, கீழ ஒழுகி, முனை கறுக்கும். எண்ணெய் தீரத் தீர நனைச்சு நனைச்சு 20 அடியும் போ. முடிஞ்சதும் நனைக்காத பாட்டால இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஒரே இழுவை. அமத்தாம, பாட்டின்ர பாரம் மட்டும் இருந்தாக் காணும். அந்தக் கடைசி இழுவையிலதான் வரி எல்லாம் சமனாகும்.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.39*
நடுப் பலகையில நிப்பாட்டாத. ஆரும் கூப்பிட்டாலும் அந்தப் பலகையை முடிச்சிட்டுப் போ. காஞ்ச ஓரத்துக்கு மேல ஈரம் ஏறினாக் கோடு.

*ஓடாவி மாமா, காலை 7.45*
இடைவெளியை மறந்திட்டாய் தம்பி. பலகைக்கு முதல் இடைவெளி. 1½ அங்குலப் பிறஷ்ஷை நெட்டுக்குத்தா விட்டு ரெண்டு பக்கச் சுவரையும் நனைக்கணும். பிறகு பூசினா வழிஞ்சது காஞ்ச பலகையில கண்ணீர் மாதிரி நிக்கும். இடைவெளியில விடுறதுக்கு நாக்கு வச்ச பாட்டும் வருது, ஆனா அந்த நாக்கு 5 மில்லிமீற்றருக்குள்ள போகுதா எண்டு பாத்து வாங்கு. சுவர்ப் பக்கத்தில துவங்கிப் படிப்பக்கம் பின்னுக்கு வா.

பலகை முனைக்கு மூண்டு தரம் பூசு, ஒண்டு உறிஞ்ச மற்றது. மரம் தண்ணி குடிக்கிறது அந்த வாயாலதான். முனை வெடிக்கிறது, கறுக்கிறது, உழுக்கிறது எல்லாம் அங்கதான் துவங்கும்.

*சின்னக்கா, காலை 7.48*
றோலர் கெதியா முடியும் எண்டு பக்கத்து வீட்டில சொல்றாங்க.

*கல்முனை மச்சான், காலை 7.53*
முடியும்தான். ஆனா றோலர் எண்ணெயைப் பலகைக்கு மேல வச்சிட்டுப் போகும், உள்ள தேய்க்காது. பின்னால ஒராள் பிறஷ்ஷோட வந்து தேய்க்கணும், அப்ப ரெண்டு பேர் கூலி. பம்பால சீறி அடிச்சாலும் அப்பிடித்தான், இந்தக் காத்தில பாதி எண்ணெய் வாவிக்குப் போகும். வாளால அறுத்தபடியே சொரசொரப்பாக் கிடக்கிற பலகைக்கு மட்டும் பாட்டை விட்டுட்டு அகலப் பிறஷ் எடுங்க. பாட்டின்ர மயிர் அங்க தாங்காது.

*பாசிக்குடா அண்ணன், காலை 7.59*
ஓம். படியளுக்கும் பிறஷ்தான், பாட் திரும்ப இடமில்ல. எண்ணெய்ப் பூச்சுக்கு இயற்கை மயிர்ப் பிறஷ், தண்ணிப் பூச்சுக்கு நைலோன். மாத்திப் பிடிச்சா இயற்கை மயிர் தண்ணியில ஊறித் துவண்டு போகும். முதிரை நல்ல இறுக்கமான மரம், தேக்கில பாதிகூடக் குடிக்காது. படிக்கு ஒரு மெல்லிசுப் பூச்சுப் போடு, துடை, விடு. ரெண்டாவது போட்டா ஒட்டும்.

*சின்னக்கா, காலை 8.02*
எத்தினை மணிக்குத் துவங்குறது? கச்சான் காத்து இன்னும் அடிக்குது.

*ஓடாவி மாமா, காலை 8.07*
கச்சான் நிக்கட்டும் எண்டு இருந்தா ஐப்பசி மழை வந்திரும். விடிய ஆறரைக்குத் துவங்கி ஒம்பதுக்குள்ள நிப்பாட்டு. உள்ளங்கையைப் பலகையில வச்சு அஞ்சு செக்கன் பொறுக்க ஏலாட்டிப் பூசாத. சூட்டில எண்ணெய் உள்ள இறங்க முதல் மேல தோல் கட்டும். பின்னேரம் நாலுக்குப் பிறகும் செய்யலாம், ஆனா இருட்ட முதல் துடைச்சு முடிக்கணும். பனி விழுந்தா வெள்ளையாப் பூக்கும்.

*பாசிக்குடா அண்ணன், காலை 8.12*
துடைக்கிறதுதான் ஆக்கள் விடுற பிழை. பூசி 15, 20 நிமிசத்தில, கச்சான் அடிச்சா 10 நிமிசத்தில, பழைய பனியன் துணியால எல்லாத்தையும் துடை. பளபளப்பா ஒரு இடம் நிண்டா அது அழகில்ல, உள்ள போகாத எண்ணெய். நாளைக்கு அதில வெறுங்காலோட நடந்தா ஒட்டும், தூசி பிடிச்சுக் கறுக்கும்.

*சின்னக்கா, காலை 8.14*
அப்பிடி ஒட்டினா என்ன செய்யிற?

*பாசிக்குடா அண்ணன், காலை 8.18*
அடுத்த நாளே கண்டா அதே எண்ணெயைக் கொஞ்சம் பாட்டில எடுத்து அந்த இடத்தில தேய், பழையது இளகும், உடனே துடை. நாலஞ்சு நாள் போனாத் தேர்பன்டைன் போட்டுத் தேச்சு எடுக்கணும். ரெண்டாவது பூச்சுக்கு டின்னில உள்ள நேரத்தைப் பார், சிலது ஈரத்துக்கு மேல ஈரம், சிலது ஒரு நாள் விட்டு. கதிரை, மேசை ரெண்டு நாளைக்கு ஏத்தாத.

*கல்முனை மச்சான், காலை 8.25*
பாட்டைக் கழுவத் தேர்பன்டைன். தின்னர் வேணாம், ஸ்பொஞ்சு ஊதித் தட்டில இருந்து கழண்டு வரும். நாளைக்கும் அதே பாட் எண்டாக் கழுவத் தேவையில்ல, பொலித்தீன் பையில காத்துப் போகாமச் சுத்தி நிழல்ல வைங்க. கழுவின தேர்பன்டைனை வாவியில ஊத்திராதீங்க. போத்தல்ல அடைச்சு வச்சா ஊத்தை கீழ படியும், மேல தெளிஞ்சது அடுத்த தரத்துக்கு உதவும்.

*ஓடாவி மாமா, காலை 8.31*
மகள், துடைச்ச துணி. இதைப் பெடியனுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குவிச்சுப் போட்டா, காயக்க வாற சூடு உள்ளுக்க சேந்து தானாத் தீப்பிடிக்கும். நெருப்புக் குச்சி தேவையில்ல. பூச முதலே மூடி உள்ள தகர வாளியில தண்ணி நிரப்பி டெக்குக்குக் கிட்ட வை, ஒவ்வொரு துணியும் முடிஞ்ச உடன அதுக்குள்ள. வாளி இல்லாட்டி வெளிய வேலியில ஒண்டொண்டா விரிச்சுக் காய விடு, விறைச்ச பிறகு எறி.

*சின்னக்கா, காலை 8.36*
வாளி இருக்கு மாமா. இண்டைக்கு அசிட் போட்டுக் கழுவுறன், வியாழன் துளி விட்டுப் பாக்கிறன். உறிஞ்சினா அண்டைக்கே தேய்ப்பு, வெள்ளி விடியப் பூச்சு.

*ஓடாவி மாமா, காலை 8.38*
நிழல் மூலையிலயும் விடு.

*பாசிக்குடா அண்ணன், காலை 8.40*
முதல் ரெண்டு பலகை முடிய நிப்பாட்டித் தட்டைப் படமெடுத்துப் போடு. எவ்வளவு மிஞ்சிக் கிடக்கு எண்டு பாத்திட்டு மிச்சத்துக்குச் சொல்றன்.