காப்பிக் களத்து கேமராவுக்கு எந்த மெமரி கார்டு?

நாகலூர்க்காரன்:
ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி காயும் களத்தைப் பார்த்தபடி ஒரு வைஃபை கேமரா, ராத்திரி பகல் நிற்காமல் பதிவாகும். டவர் சரியாகக் கிடைக்காது, அதனால் எல்லாம் உள்ளே இருக்கும் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில்தான். பழம் பறிக்கிற நேரம் பார்த்து அந்தக் கார்டு படுத்துவிட்டது. ஃபார்மேட் செய் என்கிறது, செய்தால் பழைய வீடியோ அப்படியே இருக்கிறது! சேலத்தில் ஒரு கடையில் கேட்டால், "வி30 எடுங்க, செம ஸ்பீடு" என்கிறார்கள். மூட்டை இருக்கிறதா, காட்டெருமை வந்து போனதா என்று பார்க்க எதற்கு இவ்வளவு ஸ்பீடு?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டூடியோ:
வேண்டவே வேண்டாம் அண்ணா. வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். அது 4கே-யில் முகூர்த்தம் எடுக்கும் என்னைப் போன்றவனுக்கு. என் கேமராவே நொடிக்கு 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட் என்பதால் 12.5 மெகாபைட்தான். உங்களுடையது 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்குக் கால் மெகாபைட். நொடிக்கு 4 மெகாபைட் எழுதும் பழைய கிளாஸ் 4 கார்டே தாங்கும்.

ஆனால் நிற்காமல் ஓடினால் அந்தக் கால் மெகாபைட்டே நாளுக்கு 21 ஜிபியைத் தாண்டுகிறது. உங்கள் கார்டு மூன்று நாளைக்கு ஒருமுறை முழுசாக அழிந்து எழுதப்படுகிறது. கார்டுக்குள் தகவல் பதியும் ஃபிளாஷ் செல்லை இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் டிஎல்சி, செல்லுக்கு 3 பிட். க்யூஎல்சியில் 4. ஒரு செல்லில் பிட்டைத் திணிக்கத் திணிக்க விலையும் குறையும், ஆயுசும் குறையும். தேய்ந்துபோன கார்டு சில சமயம் எழுத விடாமல் பூட்டிக்கொள்ளும், படிக்க மட்டும் விடும். உங்களுடையது அந்தக் கதைதான் போல. அதைத் தூக்கிப் போடாதீர்கள், கார்டு ரீடரில் போட்டு வேண்டிய வீடியோவை எடுத்துக்கொள்ளலாம்.

அட்டையில் "ஹை எண்டூரன்ஸ்", அதாவது அதிகம் தாங்கும், என்று இருப்பதை வாங்குங்கள். எத்தனை மணி நேரப் பதிவு தாங்கும் என்றும் போட்டிருப்பார்கள். 128 ஜிபி எடுத்தால் அதே எழுத்து இரண்டு மடங்கு இடத்தில் பரவும், தேய்மானம் பாதி. ஏ1, ஏ2 என்பதெல்லாம் ஃபோனில் ஆப் ஓட்டுவதற்கு, விட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி சிசிடிவி:
ஸ்டூடியோ அண்ணன் சொன்னது சரி. வாங்கும் முன் கேமரா எவ்வளவு ஜிபி வரை எடுக்கும் என்று பாருங்கள். 32 ஜிபிக்கு மேல் எல்லாம் எஸ்டிஎக்ஸ்சி என்ற வகை, அதற்குப் பழைய மாடல் கேமரா சிலது திணறும். சாதாரண கார்டின் உத்தரவாதச் சீட்டையும் படியுங்கள், தொடர் பதிவுக்குப் பொருந்தாது என்று பலவற்றில் பொடி எழுத்தில் இருக்கும். 1 டிபி கார்டு சில நூறு ரூபாய்க்கு என்று ஆன்லைனில் வருவது போலி. எதை வாங்கினாலும் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (கார்டில் சொன்ன இடம் நிஜமாக இருக்கிறதா என்று எழுதிப் பார்க்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம், அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும்படி வைக்கலாமே?

நாகலூர்க்காரன்:
வைத்துப் பார்த்தாச்சு தம்பி. மூடுபனி நகர்ந்தாலே அசைவு என்று விடிய விடியப் பதிகிறது. டப்பாவில் 128 வரை என்று போட்டிருக்கிறது, அதையே வாங்குகிறேன். எடுக்கிற வீடியோவை பென் டிரைவில் போட்டு வைத்தால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டூடியோ:
கொண்டு போய்க் காட்ட பென் டிரைவ் போதும். வருஷக்கணக்கில் வைக்க வேண்டியதை ஹார்டு டிஸ்கில் போடுங்கள், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவும் ஃபிளாஷ்தான்; கரண்ட் படாமல் ரொம்ப நாள் கிடந்தால் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும். கல்யாண ஆல்பத்தை நான் பென் டிரைவில் மட்டும் கொடுப்பதே இல்லை.