பேப்பரை வாபஸ் வாங்கணும்னா காசு கேக்கறாங்க, என்ன பண்றதுன்னு தெரியல, யாராவது சொல்லுங்க

மடவை_தண்டையார்பேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎச்டி பண்றேன், எண்ணூர் கழிமுகத்து சேத்துலயும் மடவை மீன்லயும் காட்மியம், ஈயம் எவ்ளோ இருக்குன்னு பாக்கறதுதான் டாபிக். எங்க கோ-ஆதர் சார் ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்த லிங்க்கை பாத்து ஒரு ஜர்னல்ல பேப்பரை போட்டுட்டாரு, ஸ்கோபஸ் (தரம் பாத்து ஜர்னல்களை சேக்கற டேட்டாபேஸ்) ஜர்னல்தான், சீக்கிரம் வந்துரும்னாரு. சீக்கிரம்னா அப்டி ஒரு சீக்கிரம், அந்த வாரமே அக்செப்டட்னு மெயில். ரிவ்யூவர் கமெண்ட்னு ஒரே வரி, "ரொம்ப நல்ல ஒர்க்". சார் அனுப்பின வெர்ஷன்ல ஒரு டேபிளுக்கு யூனிட்டே இல்ல, மில்லிகிராமா மைக்ரோகிராமான்னு கூட ஒருத்தரும் கேக்கல!! அப்பதான் சந்தேகம் வந்து ஸ்கோபஸ்ல தேடினா பேரு இருக்கு, ஆனா அந்த ஜர்னல் பேப்பர்களை சேக்கறத எப்பவோ நிறுத்திட்டாங்க.

வேணாம், வித்ட்ரா பண்றோம்னு எழுதினோம். இப்ப வித்ட்ராவல் சார்ஜ்னு பப்ளிகேஷன் ஃபீஸ்ல பாதிய கேக்கறாங்க, கட்டலன்னா பேரை பிளாக்லிஸ்ட்ல போட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதுவோம்னு மிரட்டல் வேற. கைடு மேடம் பேப்பரை நல்ல எடத்துல போடணும்னு சொல்றாங்க. நெட்டுக்குப்பத்துல எங்க மாமா ஃபைபர் போட்ல கூட்டிட்டுப் போய், இடுப்பளவு சேத்துல எறங்கி எடுத்த சாம்பிள், அது இப்டி மாட்டிக்கிச்சேன்னு தூக்கமே வரல. காசு கட்டிட்டு விட்றலாமா?

வியாசர்பாடி_ப்ரோ:
கட்டாத. ஒரு தடவ கட்டினா அடுத்து இன்னொரு சார்ஜ் வரும். பிளாக்லிஸ்ட்னு இவங்க போடறத எந்த யுனிவர்சிட்டி பாக்குது சொல்லு.

நூலகம்_அக்கா:
மொதல்ல ரெண்டு விஷயம் சொல்லும்மா. காப்பிரைட் ஃபார்ம்ல யாராவது கையெழுத்து போட்டீங்களா? பேப்பர் சைட்ல ஏறிடுச்சா, டிஓஐ, அதான் பேப்பருக்குன்னு நிரந்தரமா விழற அடையாள நம்பர், குடுத்துட்டாங்களா? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் வேஸ்ட்.

மடவை_தண்டையார்பேட்டை:
அக்கா ஃபார்ம் அனுப்பினாங்க, சார் இன்னும் போடல. ஃபீஸும் கட்டல. ப்ரூஃப் பிடிஎஃப் (பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்பற காப்பி) வந்திருக்கு, அதுக்கு பதில் போடல. சைட்ல ஏறல, டிஓஐ இல்ல.

ப்ரூஃப்_பெரம்பூர்:
நான் இந்த லைன்லதான் இருக்கேன், வெளிநாட்டு ஜர்னலுக்கு பக்கம் கட்டி எக்ஸ்எம்எல் பண்ற கம்பெனில நைட் ஷிஃப்ட். சென்னைல இந்த வேலை பண்றவங்க ஆயிரக்கணக்குல இருக்கோம், வெளிய யாருக்கும் தெரியாது, கல்யாணத்துக்கு பொண்ணு பாக்கப் போனா கூட பிரிண்டிங் பிரஸ்சான்னு கேப்பாங்க, அத விடு.

ஒழுங்கான ஜர்னல்னா ரிவ்யூ முடியறதுக்குள்ள வித்ட்ரா கேட்டா பெரிய பிரச்சினை இல்ல, காரணம் கேப்பாங்க, குடுத்துருவாங்க. அக்செப்ட் ஆகி எங்கள மாதிரி ஆளுங்க கைக்கு வந்தப்புறம் கேட்டா எடிட்டர் கடுப்பாவாரு, அதுல நியாயம் இருக்கு, ரிவ்யூவர் காசு வாங்காம உக்காந்து படிச்ச நேரம் போச்சில்ல. ஆனா ஆன்லைன்ல ஏறி டிஓஐ விழுந்துடுச்சுன்னா அப்புறம் வித்ட்ரான்னு ஒண்ணு கெடயாது, ரிட்ராக்ஷன்தான். பேப்பர் அங்கயே நிக்கும், பக்கத்துக்குப் பக்கம் ரிட்ராக்டட்னு முத்திரை விழும், நோட்டீஸ்ல எல்லார் பேரும் வரும். அதையும் ஆத்தருக்கு மனசு மாறிடுச்சுன்னெல்லாம் பண்ண மாட்டாங்க. கோப்னு ஒரு அமைப்பு இருக்கு, பப்ளிகேஷன் எதிக்ஸ் கமிட்டி, 1997ல ஆரம்பிச்சது, அவங்க 2009ல போட்ட ரிட்ராக்ஷன் கைட்லைன்லயே இருக்கு, டேட்டா நம்பற மாதிரி இல்ல, காப்பி, ஒரே பேப்பரை ரெண்டு எடத்துல போட்டது, இந்த மாதிரி காரணத்துக்குத்தான்.

நீ இன்னும் அந்தப் பக்கம் போகல, தப்பிச்சே. அதனால ப்ரூஃபுக்கு ஓகேன்னு மட்டும் யாரும் பதில் போட்றாதீங்க, கரெக்ஷன் கூட குடுக்காதீங்க. குடுத்தா சம்மதம்னு எடுத்துட்டு ராத்திரியோட ராத்திரியா ஏத்திருவான்.

காசிமேடு_கெமிஸ்ட்ரி:
இவ்ளோ எதுக்கு டென்ஷன், டைட்டிலை மாத்தி வேற ஜர்னல்ல போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது.

நூலகம்_அக்கா:
தம்பி இந்த மாதிரி ஐடியா குடுக்காதீங்க, புண்ணியமா போகும். முந்தின ஜர்னல்ல கணக்கு முடியாம அடுத்ததுல போட்டா அதுக்கு பேரு சைமல்டேனியஸ் சப்மிஷன், கவர் லெட்டர்லயே "வேற எங்கயும் பரிசீலனைல இல்ல"ன்னு எழுதி வாங்கறாங்க. எண்ணூர் சேத்த பத்தி ரிவ்யூ பண்ற ஆளுங்க எத்தன பேரு, ஒரு கைப்பிடி. நாளைக்கு இந்த மொத ஜர்னல்காரன் கோவத்துல பேப்பரை ஏத்திட்டான்னா டூப்ளிகேட் பப்ளிகேஷன்னு மாட்டறது அந்தப் பொண்ணுதான். தீசிஸ் சப்மிட் பண்றப்போ எவ்ளோ காப்பின்னு காட்டற சிமிலாரிட்டி ரிப்போர்ட்லயும் சேர்ந்து கொட்டும்.

காப்பிரைட் விஷயத்துல நீ தெம்பா இரும்மா. நம்ம ஊரு காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 19ல எழுத்துல, கையெழுத்தோட இருந்தாதான் உரிமை மாறும்னு இருக்கு. ஃபார்ம்ல கையெழுத்து இல்லன்னா உரிமை உங்ககிட்டதான். சப்மிட் பண்றப்போ சைட்ல எதையாவது டிக் அடிக்கச் சொல்லி, அதுல வித்ட்ராவல் ஃபீஸ்னு இருந்துச்சான்னு மட்டும் சார்கிட்ட கேட்டுக்கோ.

வியாசர்பாடி_ப்ரோ:
இது ஒண்ணும் புதுசு இல்ல. ஹைதராபாத்ல ஜர்னல் நடத்தற ஓமிக்ஸ் கம்பெனி மேல அமெரிக்காவோட வர்த்தக கமிஷன் எஃப்டிசி கேஸ் போட்டதுல இதுவும் ஒரு புகார், ஃபீஸை மொதல்ல சொல்றதில்ல, வாபஸ் கேட்டா விடறதில்லன்னு. 2019ல கோர்ட்டு 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லுச்சு.

மடவை_தண்டையார்பேட்டை:
சரி மெயில்ல என்ன எழுதணும்? மொத தடவ நான் என் ஜிமெயில்ல இருந்துதான் அனுப்பினேன்.

ப்ரூஃப்_பெரம்பூர்:
கரஸ்பாண்டிங் ஆத்தர், அதான் ஜர்னலோட மெயில்ல பேசற ஆத்தர் யாரு, சார்தானே? அப்ப அவரு ரெஜிஸ்டர் பண்ணின ஐடியில இருந்தே போகணும், இல்லன்னா நல்ல ஜர்னலே கண்டுக்காது. சப்ஜெக்ட்ல மேனுஸ்கிரிப்ட் நம்பர். எடிட்டர், பப்ளிஷர் ரெண்டு பேருக்கும், ஆத்தர் எல்லாரும் சிசில, ஒவ்வொருத்தரும் ரிப்ளை ஆல்ல சம்மதம்னு ஒரு வரி. உள்ள சண்டை வேணாம், போலி ஜர்னல்னெல்லாம் திட்டி எழுதாத. ஆத்தர் எல்லாரும் சேர்ந்து வாபஸ் வாங்கறோம், காப்பிரைட் குடுக்கல, ஃபீஸ் கட்டல, ப்ரூஃபை அப்ரூவ் பண்ணல, பப்ளிஷ் பண்ண அனுமதி இல்ல, இன்ன தேதிக்குள்ள உறுதி பண்ணுங்க. அவ்ளோதான். பதில் இல்லன்னா இன்னொரு மெயில், இந்தத் தேதியோட வாபஸ் ஆனதா எடுத்துக்கறோம்னு. அப்புறம் புது ஜர்னலுக்கு போறப்போ கவர் லெட்டர்ல நடந்ததை மறைக்காம எழுதி, இந்த மெயில் எல்லாத்தையும் பிடிஎஃப்பா சேத்து வெச்சிடு.

மடவை_தண்டையார்பேட்டை:
அப்டேட்: சார் ஐடியில இருந்து அனுப்பினோம். மொதல்ல ஃபீஸ்ல தள்ளுபடி தர்றேன்னாங்க, கோயம்பேடு மார்க்கெட்ல பேரம் பேசற மாதிரி. நாங்க பதிலே போடல. ரெண்டாவது மெயிலுக்கு அப்புறம் "வித்ட்ரான்"னு ஒத்த வார்த்தைல பதில் வந்துச்சு, லாகின்லயும் ஸ்டேட்டஸ் மாறிடுச்சு. ஆனா ஃபார்த்கமிங்னு, வரப்போற பேப்பர் போடற ஒரு பக்கத்துல டைட்டில் மட்டும் இன்னும் நிக்குது.

இன்னொரு சந்தேகம், யூஜிசி விதில பிஎச்டி முடிக்க பேப்பரே கட்டாயம் இல்லன்னு ஃப்ரெண்டு சொல்றா, நெஜமா?

நூலகம்_அக்கா:
2022 ரெகுலேஷன்ல கட்டாயத்தை எடுத்துட்டாங்க, நெஜம்தான். ஆனா யுனிவர்சிட்டி தனியா விதி வெச்சுக்கலாம், உன்னோடதுல கேக்கறாங்கன்னா போட்டுத்தான் ஆகணும். கேர் லிஸ்ட்டையும், அதான் யூஜிசி ஒத்துக்கிட்ட ஜர்னல் பட்டியல், 2025 பிப்ரவரில யூஜிசி நிறுத்திடுச்சு, அதனால கேர் ஜர்னல்னு எவனாவது மெயில் போட்டா அப்டியே டெலீட்.

அந்த டைட்டிலை எடுக்கச் சொல்லி அதே மெயில்லயே ரிப்ளை போடு, பக்கத்தை தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோ. அடுத்த ஜர்னலோட லிங்க்கை வாட்ஸ்அப்ல இருந்து எடுக்காத, ஸ்கோபஸ்ல ஐஎஸ்எஸ்என் (ஜர்னலோட அடையாள நம்பர்) போட்டு தேடி, அங்கேர்ந்து பப்ளிஷர் சைட்டுக்கு போ. நல்ல ஜர்னல் பேர்லயே டூப்ளிகேட் சைட் நடத்தறவங்க இருக்காங்க.

காசிமேடு_கெமிஸ்ட்ரி:
யூனிட்டை போட்டுட்டு அனுப்பு தாயீ.

மடவை_தண்டையார்பேட்டை:
போட்டாச்சு அண்ணா, கிலோவுக்கு மில்லிகிராம், உலர் எடை 😀