போர்ஷியா உட்மன்: எக்காலத்திலும் சிறந்த ரக்பி வீராங்கனையா?

தடகளன்:
நியூசிலாந்தின் போர்ஷியா உட்மன்-விக்லிஃப் 2022 மகளிர் ரக்பி உலகக் கோப்பையின்போது, தான் ஆடிய உலகக் கோப்பைகளில் அடித்த டிரைகளின் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) மொத்தத்தை 20 ஆக்கி, இங்கிலாந்தின் சூ டே வைத்திருந்த 19ஐ முறியடித்தார். அதிலிருந்து எங்கே பார்த்தாலும் 'இவரைப் போல் யாரும் இல்லை' என்ற பேச்சுதான். அந்த 20ல் 8, 2017ல் ஹாங்காங்குடன் ஆடிய ஒரே ஆட்டத்தில் வந்தவை. முடிவு 121-0! அதை எப்படிச் சாதனைக் கணக்கில் சேர்ப்பது?

வலது விங்:
எட்டையும் கழித்துவிடுங்கள், மீதி 12 இருக்கிறதே. அதே 2017 தொடரின் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 4 டிரை. 1991ல் முதல் உலகக் கோப்பையை வென்ற நாடு அது, சோப்ளாங்கி அணி இல்லை. ஹாங்காங் அன்று அனுபவமில்லாமல் வந்தது, உண்மை. அதற்காக ஓடாமல் நின்றிருக்க வேண்டுமா?

தடகளன்:
சரி, 12 என்றே வைத்துக்கொள்வோம். இறுதி ஆட்டங்களைப் பாருங்கள். 2022ல் ஈடன் பார்க்கில் இங்கிலாந்தை 34-31 என்று வென்றபோது இவர் களத்தில் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) இறுதியில் மஞ்சள் அட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்தார். ஆஸ்திரேலியா 24-17 என்று தங்கத்தைக் கொண்டுபோனது.

மூன்றாம் பாதி:
ஈடன் பார்க்கில் அவர் ஏன் இல்லை என்பதையும் சொல்லியிருக்கலாமே! இங்கிலாந்தின் லிடியா தாம்ப்சன் அவரை டேக்கிள் செய்தபோது (மடக்கிப் பிடித்தபோது) தலையோடு தலை மோதியது. தாம்ப்சனுக்குச் சிவப்பு அட்டை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இங்கிலாந்து 14 பேரோடு ஆட வேண்டியிருந்தது. தலையில் அடிபட்டு வெளியேறியவரை 'இறுதியில் காணவில்லை' என்று எழுதுவது கொஞ்சமும் நியாயமில்லை.

ரியோவுக்கு வருகிறேன். அந்த ஒலிம்பிக்கில் அதிக டிரை அடித்தவரே அவர்தான், 10. நெட்பால் ஆடிக்கொண்டிருந்த பெண், 2012ல் செவன்ஸுக்கு ஆள் தேடிய முகாமில் சேர்ந்து நான்கே வருடத்தில் அங்கே வந்து நின்றார். அப்புறம் குதிகால் தசைநார் கிழிந்தது. விங் (மைதான ஓரத்தில்) ஆடுபவருக்கு வேகம்தான் பிழைப்பு, அந்தக் காயத்தோடு பலருடைய ஆட்டம் முடிந்துவிடும். இவர் திரும்பி வந்து டோக்கியோவில் தங்கம், 2024 பாரிஸில் மறுபடி தங்கம் வென்றார். இதை விட்டுவிட்டு ஹாங்காங்கையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

தடகளன்:
மீண்டு வந்த கதையை மதிக்கிறேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'சிறந்தவர்' என்றால் என் வாக்கு இங்கிலாந்தின் எமிலி ஸ்கேரட்டுக்கு. 2014 உலகக் கோப்பை இறுதியில் கனடாவை இங்கிலாந்து 21-9 என்று வென்றது. அந்த 21ல் 16 புள்ளி அவருடையது. டிரையும் அடித்தார், புள்ளி தரும் கோல் உதைகளையும் அவரே எடுத்தார். கோப்பை கையில் வரும் நாளில் ஆட வேண்டும், எனக்கு அதுதான் அளவுகோல்.

வலது விங்:
உதைப்பவர் கணக்கையும் விங் கணக்கையும் புள்ளிகளால் ஒப்பிட முடியாது ஐயா. விங்குக்குப் பந்து வந்தால்தான் வேலை.

மூன்றாம் பாதி:
ஸ்கேரட்டை நானும் குறைக்க மாட்டேன். ஆனால் உட்மனிடம் பதினைந்து பேர் ஆட்டத்தின் உலகக் கோப்பை, செவன்ஸ் உலகக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம் மூன்றும் இருக்கின்றன. ரியோ அரையிறுதியில் ஸ்கேரட் தலைமை தாங்கிய பிரிட்டனை 25-7 என்று வென்றது உட்மன் ஆடிய நியூசிலாந்து அணிதான். அந்த ஆட்டத்தை உங்கள் அளவுகோல் எங்கே சேர்க்கும்?