தேர்ச்சி அறிக்கையில் "இணைய முன்னேற்றம் %" என்றொரு நிரல் வேண்டுமா?

உவர்மலை கணிதம்:
தவணை முடிவில் பெற்றோர் கையில் கொடுக்கும் தேர்ச்சி அறிக்கையில், மூடிலில் (நாம் பாடங்களையும் வினாத்தாள்களையும் ஏற்றும் இணைய வகுப்பு மென்பொருள்) வரும் முன்னேற்ற வீதத்தையும் ஒரு நிரலாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் தரம் 10, 11 போதும். ரிப்போட்ஸ் பகுதியில் ஆக்டிவிட்டி கம்ப்ளீஷனைத் திறந்தால் யார் எதை முடித்தார் என்று முழு வகுப்பும் ஒரே அட்டவணையில் கிடக்கிறது. தரவிறக்கி வீதமாக்குவது பெரிய வேலையில்லை. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கிண்ணியா விஞ்ஞானம்:
வேண்டாம் சேர். அந்த அட்டவணையில் சரி அடையாளம் எதற்கு விழுகிறது என்று முதலில் பாருங்கள். "பார்த்தால் போதும்" என்ற நிபந்தனை போட்டிருந்தால் பிடிஎஃப்பைத் தொட்டவுடன் விழும். "மாணவரே குறிக்கலாம்" என்றிருந்தால் திறக்கவே தேவையில்லை. கட்டத்தின் ஓரக்கோட்டைக் கவனியுங்கள்: விட்டுவிட்டு வந்தால் மென்பொருள் தானாகப் போட்டது, தொடர்கோடாக இருந்தால் பிள்ளை தன் கையால் போட்டது. ஒரு அலகில் 12 பிடிஎஃப், 3 வினாத்தாள் என்று வையுங்கள். ஒரு கேள்விக்கும் விடை எழுதாத பிள்ளை 12 கோப்பையும் தட்டிவிட்டால் 80%. கடைக்குள் நுழைந்தவனையெல்லாம் சாமான் வாங்கியவன் என்று கணக்கெழுதுவது இது. பெற்றோர் அந்த 80ஐப் புள்ளி என்றுதான் வாசிப்பார்கள்.

உவர்மலை கணிதம்:
அது அமைப்பில் உள்ள குறை ரீச்சர், அறிக்கையின் குறையல்ல. பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றுக்கும் கம்ப்ளீஷனை "இல்லை" என்று வைத்தால் அவை கணக்கிலேயே வராது. வினாத்தாளின் கிரேட் பகுதியில் சித்திப் புள்ளியை 100க்கு 35 என்று கொடுத்து (சாதாரண தரத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி கிடைக்கும் எல்லைதானே), கம்ப்ளீஷனில் "சித்திப் புள்ளி பெற வேண்டும்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு சரி அடையாளம் என்றால் 35 அல்லது அதற்கு மேல் எடுத்தார் என்று அர்த்தம்.

மூதூர்க் கரை:
செய்யலாம், ஆனால் தவணை தொடங்குமுன் செய்யுங்கள். பிள்ளைகள் முடிக்கத் தொடங்கிய பிறகு நிபந்தனையை மாற்றப்போனால் மூடில் "அன்லொக்" (பூட்டைத் திறக்க அனுமதி) கேட்கும். கொடுத்தால் பழைய பதிவுகள் அழிந்து மறுபடி கணிக்கப்படும், கையால் குறித்தவை திரும்பி வராது. நேற்று முடித்த பிள்ளை இன்று முடிக்காதவராகத் தெரிவார்.

இதைவிட ஆபத்தானது கிரேட்புக், அதாவது மூடிலின் புள்ளிப் பதிவேடு. வெற்றுப் புள்ளிகளைத் தவிர்க்கும் தெரிவு முதலிலேயே இயங்கும் நிலையில்தான் வருகிறது. பத்து வினாத்தாளில் இரண்டை மட்டும் செய்து 90 எடுத்தவரின் மொத்தம் 90 என்று காட்டும். பத்தையும் செய்து சராசரி 62 எடுத்தவர் அவருக்குக் கீழே நிற்பார். அந்தத் தெரிவை நிறுத்தினால் மறுவளம்: இன்னும் திகதி வராத வினாத்தாளும் பூச்சியமாகச் சேர்ந்து வகுப்பே விழும். தெரிவை அப்படியே விட்டுவிட்டு, முடிவுத் திகதி கடந்த வினாத்தாளுக்கு மட்டும் கிரேட்புக்கின் சிங்கிள் வியூவில் (ஒரு வினாத்தாளின் புள்ளிகளை மட்டும் காட்டும் பக்கம்) போய் வெற்றுக் கட்டங்களுக்கு மொத்தமாக 0 இடுவதுதான் வழி.

கிண்ணியா விஞ்ஞானம்:
அந்த 0தான் எனக்குப் பயம். வீட்டில் ஒரு போன், பிள்ளைகள் மூன்று. அக்காவின் கணக்கிலிருந்து வெளியேறாமல் தம்பி செய்தால் மென்பொருளுக்கு அது அக்கா. லொக் (மூடிலின் நடவடிக்கைப் பதிவு) கணக்கைத்தான் பதிகிறது, ஆளை அல்ல. இரவு டேட்டா மட்டும் மிச்சமிருக்கும் வீடுகளில் எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகுதான் நடக்கும். அதைப் பார்த்து "பிள்ளை நித்திரை கொள்வதில்லை" என்று எழுதுவதா?

நேரக் கணக்கும் அப்படித்தான். வினாத்தாளில் காட்டும் நேரம் தொடங்கியதற்கும் சமர்ப்பித்ததற்கும் இடைப்பட்ட தூரம், அவ்வளவுதான். நடுவில் போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனதும் அதற்குள் அடங்கும். மூன்று மணித்தியாலம் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. 20 வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மட்டும் சொல்லலாம்: ஊகமாக அடித்திருக்கிறார், இல்லாவிட்டால் விடை வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

உவர்மலை கணிதம்:
சத்தமில்லாமல் காணாமல்போகும் பிள்ளையை வேறெதில் பிடிப்பீர்கள்? பார்ட்டிசிப்பன்ட்ஸ் பட்டியலில் ஏழு நாளுக்கு மேல் வராதவர்களை வடிகட்டலாம். கோர்ஸ் பார்ட்டிசிப்பேஷன் அறிக்கையில் வினாத்தாளைத் தெரிந்து, செய்யாதவர்களை மட்டும் எடுத்து, அங்கேயே எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம். சம்பூரிலோ வெருகலிலோ உள்ள பிள்ளையின் வீட்டுக்குத் தவணைப் பரீட்சை முடிந்தா சொல்வது?

கிண்ணியா விஞ்ஞானம்:
அதை நான் மறுக்கவில்லை. அது நீங்கள் திங்கட்கிழமை பார்த்து, அன்றே தொலைபேசியில் பேச வேண்டிய தகவல். தவணை அறிக்கையில் அச்சாகி வரும்போது மூன்று மாதம் பழையது.

மூதூர்க் கரை:
வீதத்திலேயே நிற்கிறோம். ஆசிரியருக்கு உண்மையில் உதவுவது வினாத்தாளுக்குள் இருக்கும் ரெஸ்பொன்ஸஸ் (யார் என்ன விடை தந்தார்), ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (வினாக்களின் புள்ளிவிபரம்) என்ற இரண்டு அறிக்கைகளும்தான். (a+b)²க்கு a²+b² என்ற விடையைப் பாதி வகுப்பு தெரிந்திருந்தால் அடுத்த பாடவேளையை எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஃபெசிலிட்டி என்பது அந்த வினாவுக்கு வகுப்பு எடுத்த சராசரி வீதம். நான்கு தெரிவுள்ள வினாவில் அது 25க்கு அருகில் இருந்தால் கண்ணை மூடி அடித்ததும் அதுவும் ஒன்றுதான். டிஸ்கிரிமினேஷன் (கெட்டிக்காரரையும் மற்றவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற எண்) மறையில் வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு உங்கள் விடைக்குறியைப் பாருங்கள். கெட்டிக்காரர் பிழைவிட்டு மற்றவர் சரியாகச் செய்த வினா அது, பெரும்பாலும் தவறான தெரிவுக்குப் புள்ளி கொடுத்திருப்பீர்கள். 30, 35 பேர் வகுப்பில் இந்த எண்கள் இரண்டு பிள்ளைகளாலேயே ஆடும், ஆகவே சந்தேகம் எழுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பல முயற்சிகள் அனுமதித்திருந்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸின் கணிப்பை "முதல் முயற்சி" என்று மாற்றிப் பாருங்கள். ரிவியூ தெரிவுகளில் (செய்த பிறகு பிள்ளைக்கு எதைக் காட்டுவது என்ற அமைப்பு) சரியான விடையை உடனே காட்ட விட்டிருந்தால் இரண்டாம் முயற்சி வெறும் பிரதி. விடையை வினாத்தாள் மூடிய பிறகு மட்டும் காட்டுங்கள்.

நிலாவெளி ஆங்கிலம்:
தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே: கம்ப்ளீஷன் அட்டவணையைத் தரவிறக்கும்போது கீழே இரண்டு இணைப்பு வரும். எக்செலில் திறப்பதானால் "எக்செலுக்கு ஏற்றது" என்பதை எடுங்கள். மற்றதை நேரே திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடும். பெயரால் ஒழுங்குபடுத்தாமல் சுட்டெண்ணால் ஒழுங்குபடுத்துங்கள், ஒரே பெயரில் இருவர் இல்லாத வகுப்பு எது?

உவர்மலை கணிதம்:
சரி, வீதத்தை விடுகிறேன். நிரலை விடமாட்டேன். "கொடுத்தது 10, செய்தது 8" என்று எண்ணிக்கையாகப் போடுவோம். புள்ளி வேறு, இது வேறு என்று பெற்றோருக்கு விளங்கும்.

கிண்ணியா விஞ்ஞானம்:
எண்ணிக்கை பரவாயில்லை. இரண்டு நிபந்தனை. எந்தத் திகதிவரை எடுத்த கணக்கு என்பது நிரலின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். மூடில் ஆப்பில் இணையமில்லாமல் செய்தவை போன் இணையத்துக்கு வந்த பிறகுதான் ஏறும், அதனால் முடிவுத் திகதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்தே எடுக்க வேண்டும். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு 0 போடாமல் கோடு போட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும்.

உவர்மலை கணிதம்:
கோடு போட்டால் போன் இருப்பவர்களும் இல்லை என்பார்கள்.

கிண்ணியா விஞ்ஞானம்:
சொல்லட்டும். கோடு விழுந்தவர்களுக்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை கணினி அறை என்று எழுதுங்கள், பொய் சொன்னவர்கள் தாங்களாகவே பெயரை வெட்டச் சொல்வார்கள்.